ஆர்ச்சைக் கழற்றிய சித்தப்பன் எழுதுவது

அன்புத் தாயி,

யாரும் நம்பப் போகாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன் என்று திருக்கோகர்ணத்து எல்லைக்குள் குடியிருக்கும் அத்தனை தெய்வங்கள் மீதும், என் பந்தல், மைக் வாடகைக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் மீதும் சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன். நீ நம்புவாய், ஏனென்றால் கதையே நீதான். மற்றவர்கள் நம்ப வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை, அவர்களுக்கு அந்தத் தகுதியும் இல்லை. பிறகு எதற்கு ஊர் பார்க்க எழுதுகிறாய் என்று கேட்பாய். இதை மடித்து உன் கையில் ரகசியமாகக் கொடுத்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். படிப்பாய், அதே மடிப்பில் திரும்ப மடிப்பாய், "பரவாயில்ல சித்தப்பா" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாய். அந்த ஒரு வார்த்தையிடமிருந்து தப்பிக்கத்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நீ அதைச் சொல்ல முடியாது பார்.

இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்குக் கல்யாணம். பெற்றவர் எழுத வேண்டிய கடிதம் இது. ஆனால் என் அண்ணன், நீ இரண்டாம் வகுப்பு படிக்கையில் குவைத்துக்குப் போனவர், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து பெட்டி காலியானதும் போகிறவர். அண்ணி வீட்டைப் பார்த்துக்கொண்டார், நான் உன்னைப் பார்த்துக்கொண்டேன். உன் ரேங்க் கார்டில் இருக்கிற கையெழுத்தெல்லாம் என் கையெழுத்து. கணக்கில் நீ முப்பத்தாறு வாங்கிய மாதம் உன் ஆசிரியரிடம் போய், "எங்க பரம்பரையிலேயே இதுதான் சார் ஒசந்த மார்க்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவனும் நான்தான். நம் பக்கத்தில் சித்தப்பன் என்றால் பாதி அப்பன், பாதி கோமாளி. கோமாளிப் பாதியை நான் குறைவில்லாமல் செய்திருக்கிறேன். அப்பன் பாதியில் ஒரு பெரிய பிழை செய்துவிட்டேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன், பொறு.

போன மாதம் உனக்குப் பூ வைக்க வந்தார்களே, அன்றைக்கு ஆரம்பித்த கோபம் இது. பொன்னமராவதியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கி, நம் வீட்டுக் கேசரியை மலை மாதிரிக் குவித்து வைத்ததைச் சமவெளி ஆக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உன் தலையில் பூவை வைத்துவிட்டு, கன்னத்தைத் தடவி, தேன் ஒழுகச் சொன்னார்: "ஓடுறதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தியோட இருக்கட்டும் ஆத்தா. எங்க ஊருல பொம்பளப்புள்ள ரோட்டுல ஓடுனா, வீட்டுல என்னமோ சண்டைன்னு நாலு பேரு சமாதானம் பண்ண பின்னாடியே ஓடியாருவாக." கூடம் முழுக்கச் சிரித்தது. உன் சித்தி சிரித்தாள். அண்ணி சிரித்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் சாமிகூடச் சிரித்ததாக எனக்குப் பட்டது. நீ தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லங்க அத்தை" என்றாய். என் தொண்டையில் போய்க்கொண்டிருந்த முந்திரிப் பருப்பு அங்கேயே நின்றுவிட்டது. இன்றுவரை இறங்கவில்லை. டாக்டரிடம் காட்டினேன், "அது பருப்பு இல்ல, கோவம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

எது பரவாயில்லை? ஆடி மாதத்திலிருந்து நீ பட்ட பாடா? ரத்ததான முகாமுக்காக யாரோ நடத்திய பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, இலவச பனியன் தருகிறார்கள் என்று போனவள் நீ. பனியன் தோளில் நிற்காத அளவுக்குப் பெரியது, அதில் இன்னொரு தபால் நிலையத்தையே நடத்தலாம். அதைப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டு வந்து, முகமெல்லாம் உப்புப் பூத்து, "சித்தப்பா, நாளைக்கும் ஓடப் போறேன்" என்றாய். இருபத்தாறு வயதில், கிராமத் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலையில், உனக்கென்று நீ கேட்ட முதல் காரியம் அது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு உன் சித்தி என்னைக் காலால் உதைத்து எழுப்பி, "புள்ள தனியா போகுது, வண்டிய எடுத்துகிட்டுப் பின்னாடி போங்க" என்று விரட்டினாள். அன்று தொடங்கியது என் தவம். என் பழைய மொபெட்டில், உனக்குப் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் கூட்டி, ஆறு மாதம் ஓட்டினேன். அந்த வேகத்தில் மொபெட் ஓட்டுவது நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுவதை விடக் கடினம். வண்டியே ஒரு நாள் என்னிடம், "மொதலாளி, இறங்கித் தள்ளுங்க, எனக்கு மானம் போகுது" என்றது.

அந்த ஆறு மாதத்தில் நீ பெற்ற விரோதிகளை நான் ஒவ்வொருவராக மனதில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் நாய்கள். முதல் வாரம் குரைத்தன, இரண்டாவது வாரம் துரத்தின, மூன்றாவது வாரம் கூடவே ஓடின, இரண்டாவது மாதம் நீ வர ஐந்து நிமிடம் தாமதமானால் வாசலில் வந்து உட்கார்ந்து என்னை முறைத்தன. அவற்றை மன்னித்துவிட்டேன். அவை திருந்திய ஜென்மங்கள். மனிதர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை. டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறும்மா, அடுத்த ஸ்டாப்ல எறங்கிக்க" என்பார். பால் வண்டிக்காரர் பக்கத்தில் வந்து மெதுவாக்கி, "என்னம்மா, எதாச்சும் தொலைஞ்சு போச்சா?" என்பார். டிராக்டரில் போகிற ஒருவர் தினமும் அதே இடத்தில் அதே நகைச்சுவையைச் சொல்வார்: "பின்னாடி மொபெட்டுல வாரவரு தொரத்துறாராம்மா? போலீசக் கூப்புடவா?" நான் உனக்குச் சித்தப்பன் என்று அவரிடம் இருபத்தேழு தடவை விளக்கியிருக்கிறேன். தண்ணீர் லாரி ஒன்று உன் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனது. நீ கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போன லாரியின் முதுகைப் பார்த்து, "பரவாயில்லண்ணே" என்றாய். அவனுக்குக் கேட்கக்கூட இல்லை! கேட்காதவனுக்கும் மன்னிப்பு விநியோகம் செய்த ஒரே ஜீவன் இந்த மாவட்டத்தில் நீதான்.

பெட்ரோல் பங்க்கை நினைத்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. கந்தர்வக்கோட்டை வரைக்கும் ஓடிப் பார்க்கிறேன் என்று கிளம்பினாயே, முப்பது கிலோமீட்டருக்கு மேல், அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆண்பிள்ளைகளுக்கு ரோட்டோரம் முழுக்கச் சொந்த வீடு. உனக்கு ஒரு கதவு வேண்டும். இருந்த ஒரே கதவில் பூட்டுத் தொங்கியது. "சாவி மொதலாளிகிட்ட இருக்கும்மா" என்றான் அங்கே நின்றவன். மொதலாளி எங்கே என்றால், "தஞ்சாவூரு போயிருக்காக." கழிப்பறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தஞ்சாவூர் போகிற மனிதனை என்னவென்று சொல்வது? நான் அந்தப் பூட்டை என் பல்லாலேயே கடித்து உடைத்திருப்பேன், நீ மட்டும் "பரவாயில்ல சித்தப்பா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால். பிறகு ஒரு முந்திரித் தோப்புக்குள் நீ போக, நான் ரோட்டில் துண்டை விரித்துப் பிடித்துக் காவல் நின்றேன். திரும்பி வருகையில் உன் கண் கலங்கியிருந்தது. தூசி என்றாய். நானும் தூசி என்று நம்பினேன். தூசி என்று நம்புவதுதான் எனக்குச் சௌகரியமாக இருந்தது. இது என் முதல் பிழை. அன்று நான் உன்னைக் கோபப்படச் சொல்லியிருக்க வேண்டும். மாறாக, வாத்து மாதிரி நடந்து காட்டி உன்னைச் சிரிக்க வைத்தேன்.

உன்னோடு ஓடிய கூட்டம் எட்டுப் பேர். நம் கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டப் போகும்போது எட்டுப் பேரும் ஓடியே போய், வெட்டிவிட்டு, ஓடியே திரும்பி வந்தீர்கள். அரிவாளோடு எட்டுப் பேர் ஓடுவதைப் பார்த்து அன்று இரண்டு கிராமங்கள் காலி ஆயின. ஏழு பேர் உனக்கு முன்னால் ஓடுவார்கள், நீ எட்டாவது. எல்லா ஓட்டத்திலும் நீ எட்டாவது. உன் ஓட்டத்தை நான் பின்னாலிருந்து ஆறு மாதம் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்: உன்னிடம் வேகம் இல்லை. உன்னிடம் இருப்பது வேறு. கால் கட்டை விரல் நகம் கறுத்துக் கழன்று விழுந்த அன்று, அதை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மேற்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினாயே, அது. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத பொருளை என் வாய் கேலி செய்யும். அதுதான் வினையாக முடிந்தது.

இனி அந்தக் கதை. மார்கழியில் நம் ஊரில் நடந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். மைதானத்தில் ஆரம்பித்து, கந்தர்வக்கோட்டை சாலையில் பாதித் தூரம் போய்த் திரும்பி, அதே மைதானத்தில் முடிவு. காலை ஐந்து மணிக்குத் தொடக்கம், பதினொரு மணி வரை நேரம். ஆறு மணி நேரம் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பந்தலும் மைக்கும் என் கடையிலிருந்து. ஓட்டம் முடிகிற கோட்டின் மேல் நிற்கிற இரும்புக் குழாய் ஆர்ச்சும் என்னுடையதுதான். அதே ஆர்ச்சை அதே நாள் பதினோரு மணிக்குக் கோயில் பக்கத்து மண்டபத்தில் நடக்கிற ஒரு காதுகுத்துக்கும் ஒப்புக்கொண்டிருந்தேன். தாய்மாமன் சீரோடு வரும்போது ஆர்ச் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று அந்த வீட்டில் ஒற்றைக் காலில் நின்றார்கள். எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. யோசித்துப் பார்த்தால், உன் பரவாயில்லைக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன்.

அன்று வெயில், மார்கழி என்பதையே மறந்து சித்திரை வேடம் போட்டு வந்தது. நீ திரும்புகிற இடத்தைத் தாண்டும்போது சாலையின் இரண்டு பக்கமும் மயில்கள் வரிசையாக நின்று தோகையை விரித்து உனக்கு விசிறின. உன் வியர்வை ஓடி ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் போனது. இங்கே மைதானத்தில் முதல் ஆள் வந்து, பத்தாவது ஆள் வந்து, எல்லோரும் வந்து, வாழைப்பழம் தீர்ந்து, பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்து ஒரு கடைத் திறப்பு விழா. பதினோரு மணி வரை இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்தவர்! உடனே விழாக் குழுவுக்குப் பரபரப்பு. பத்தே காலுக்கே பரிசுகளைக் கொடுத்தார்கள். ஓடாதவர்களுக்கெல்லாம் பதக்கம் போட்டார்கள். விருந்தினரின் டிரைவர் கழுத்தில் ஒரு பதக்கம் தொங்கியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவர் அன்று ஓட்டியது காரை! என் மைக்கில், என் ஆம்ப்ளிஃபயரில், என் நான்கு குழாய் ஸ்பீக்கரில், "இத்துடன் ஓட்டம் இனிதே நிறைவுற்றது" என்று அறிவித்தார்கள். சாலையில் நீ இன்னும் ஓடிக்கொண்டிருந்தாய்.

நீ மைதானத்துக்கு வந்தபோது மணி பத்து ஐம்பத்திரண்டு. நேரத்துக்கு எட்டு நிமிடம் முன்னால். அங்கே என்ன இருந்தது? வாழைப்பழத் தோலும் ஒரு மாடும். கோடு இருந்த இடத்தில் சுண்ணாம்பை மிதித்துக் கலைத்திருந்தார்கள். ஆர்ச் இல்லை. நீ டீக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாய். அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

"அண்ணே, முடியிற எடம் எங்கண்ணே?"

"எதும்மா, அந்த ஆர்ச்சா? இப்பத்தான் குட்டியானையில ஏத்திகிட்டு அங்கிட்டுப் போனாய்ங்க. கோயிலு பக்கத்து மண்டபத்துக்கு."

வேறு யாராயிருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். நீ அங்கிட்டுத் திரும்பி ஓடினாய். சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போன முடிவை, ஓடிப் போய்ப் பிடித்தவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். மண்டப வாசலில் நான் ஏணி மேல் நின்று, "காதணி விழாவுக்கு வருகை தரும் உறவினர்களை வருக வருக என" என்கிற ஃப்ளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். தாய்மாமனுக்காகப் பத்தாயிரம் வாலா சரவெடியை ரோட்டில் விரித்து ஒருவர் ஊதுபத்தியோடு காத்திருந்தார். தெருமுனையில் புழுதி கிளம்பியது. "வந்துட்டாக! வந்துட்டாக!" என்று யாரோ கத்த, அவர் திரியைப் பற்ற வைத்துவிட்டார். நாதஸ்வரம் எகிறியது, மேளம் இடித்தது, மொட்டை போட்டு உட்கார்ந்திருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கை தட்டியது. புகைக்குள்ளிருந்து தாய்மாமனுக்குப் பதிலாக நீ வந்தாய். முகத்தில் உப்பு, முட்டியில் ரத்தம், மார்பில் நம்பர்.

வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற அம்மாள் திகைத்துப் போய், பழக்க தோஷத்தில் உன் மேல் பன்னீரைத் தெளித்து, சந்தனத்தை நீட்டி, "நீ யாரு வகையறாம்மா? அப்பன் வழியா, ஆத்தா வழியா?" என்று கேட்டார். அதற்கு நீ இடி முழங்குகிற குரலில், "நான் கதிரவனோடு போட்டியிட்டு வென்றவள், கந்தர்வக்கோட்டை சாலையின் பேரரசி!" என்று சொல்ல, மண்டபமே எழுந்து நின்றது. நீ ஆர்ச்சுக்குக் கீழே நுழைந்து கைக்கடிகாரத்தை நிறுத்தினாய். கொஞ்ச நேரத்தில் நிஜத் தாய்மாமன் முப்பது சீர்த்தட்டோடு வந்து சேர, ஒரு வெடிகூட மிச்சமில்லை. "எனக்கு வச்ச வெடிய எவளுக்கோ போட்டுட்டு என்னைய மொட்டையா வரச் சொல்றீகளா?" என்று அவர் தட்டுகளோடு திரும்பி நடக்க, ஊரே கூடி அவர் காலில் விழுந்து அழைத்து வந்தது. தனக்கு உரிய மரியாதை பறிபோனால் மனிதன் எப்படிக் கோபப்பட வேண்டும் என்று அந்த மாமனிடம் நீ பாடம் படிக்க வேண்டும். நான் ஏணியிலிருந்து இறங்கி வந்து உன் முன்னால் நின்று வாயைத் திறந்தபோது, நீ மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது என்ன? "பரவாயில்ல சித்தப்பா. ஒங்களுக்கு அவசரம்."

கதை அவ்வளவுதான். இனி சொல்லப் போவது கதை இல்லை. இதில் ஓர் எழுத்துகூட நான் ஊதிப் பெருக்கவில்லை.

விழாக் குழுவினர் ஒன்றும் அவ்வளவு கல்நெஞ்சர்கள் இல்லை. பத்து மணிக்கு, பட்டியலைக் கையில் வைத்திருந்தவர் என்னிடம் வந்தார். "அண்ணே, இன்னும் ஒரு ஆளு பாக்கி. ஒங்க வீட்டுப் பொண்ணுதான். என்ன பண்ணலாம், இருக்கலாமா?" என்று கேட்டார். நான் ஒரு வார்த்தை சொன்னால் காத்திருப்பார்கள். எனக்கு மண்டபத்து வேலை மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் நின்றால் என் நாக்கு தானாக மேடை ஏறும். "எங்க பொண்ணா? அது இந்நேரம் எங்கயாச்சும் எளநி குடிச்சுட்டு பஸ் ஏறியிருக்கும். நீங்க முடிங்கப்பா!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பட்டியலில் உன் பெயரை அடித்தார். மழை பெய்கிறது என்று நான் சொன்னால், வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஊர் நம்பும். முப்பது வருடமாக என் வாயிலிருந்து வந்த எதையும் நம்பாத ஊர், அந்த ஒரு நாள், அந்த ஒரு பொய்யை மட்டும் உடனே நம்பியது. ஏன் தெரியுமா? அதைச் சொல்லும்போது நானே பாதி நம்பினேன். முப்பது வரைக்கும் ஓடியிருக்கிறாய், நாற்பத்திரண்டு உன்னால் முடியாது என்று எனக்குள்ளே ஒருவன் ஆறு மாதமாக மொபெட்டில் வந்துகொண்டிருந்தான். அவனைத்தான் முதலில் இறக்கி விட்டிருக்க வேண்டும்.

இது உனக்கு இதுவரை தெரியாது. ஆர்ச்சைக் கழற்றியதற்குத்தான் நீ என்னை மன்னித்தாய். உன் பெயரை அடிக்க வைத்ததற்கு இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்காதே, தாயி. கொஞ்ச நாளாவது மன்னிக்காமல் இரு. வந்து என் சட்டையைப் பிடி. நாற்காலியைத் தூக்கிப் போடு, முந்நூறு இருக்கிறது. நீ கோபப்படாத ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் சித்தி இதைப் படித்தால், மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டதைச் சொல்வாள். ரசம் வேறு.

இப்போது மாப்பிள்ளை விஷயம். போன வாரம் பந்தல் பேச வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அவர் மேலும் ஒரு மூட்டைக் கோபத்தைக் கட்டி வைத்திருந்தேன், பூ வைத்த அன்று அவர் அம்மா பேசும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தாரே என்று. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மாமா, அவங்களுக்கு நெசமாவே ஓடணும்னு இருக்கா, இல்லையா? நான் ரெண்டு தடவ கேட்டேன். பரவாயில்லங்கன்னுதான் சொல்றாங்க. ஓடணும்னு ஒரு வார்த்த சொன்னா எங்கம்மாகிட்ட நான் பேசிருவேன். அவங்களே வேணாங்கும்போது நான் என்னன்னு சண்ட போடுறது?" நான் கட்டி வைத்திருந்த மூட்டையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் உன் தலையில் இறக்குகிறேன். கேட்டுக்கொள். உன் பரவாயில்லையை எல்லோரும் நம்புகிறார்கள். நான் சொன்ன பொய்யை நம்பிய மாதிரி, நீ சொல்கிற பொய்யையும் நம்புகிறார்கள். உன் பெயரை ஒரு தடவை நான் அடித்தேன். இரண்டாவது தடவை நீயே அடிக்கிறாய். மாசி மாதம் நடக்கிற ஓட்டத்துக்கு நீ கொடுத்த பெயர் இன்னும் இருக்கிறது. அதை நீ திரும்ப வாங்கவில்லை என்பதை உன் கூட்டத்துக்காரர்களிடம் விசாரித்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு நம் வீட்டிலிருந்து இருபத்தொரு தட்டு போகிறது. இருபது தட்டில் வழக்கமான சாமான்கள். இருபத்தொன்றாவது தட்டில், வெற்றிலைக்கு நடுவில், ஒரு ஜோடி புது ஓட்ட ஷூ வைக்கப் போகிறேன். இதைக் கேட்டதும் நம் வீட்டில் நடந்த கலவரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "சீர்த்தட்டுல செருப்பையா வைப்பீக?" என்று உன் சித்தி தலையில் கை வைத்தாள்.

"செருப்பு இல்லடி, ஷூ."

"ரெண்டும் கால்ல போடுறதுதான!"

"மெட்டிய மட்டும் என்ன காதுலயா போடுறீக? அது தட்டுல வருதுல்ல?"

உன் சித்தி வெற்றிலையை எண்ண உட்கார்ந்துவிட்டாள். அண்ணி மட்டும், "சம்பந்தி வீட்டுல மூஞ்சியத் திருப்புவாக தம்பி" என்றார். திருப்பட்டும். திருப்பிய முகம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஆறு மணி நேரம் தருகிறேன், நோட்டீஸில் போட்ட மாதிரி. அதற்குள் கடையை மூட மாட்டேன்.

ஆனால் அந்தத் தட்டை உன்னைக் கேட்காமல் தூக்க மாட்டேன். உனக்காக முடிவு செய்து ஒரு தடவை கெட்டுப் போனவன் நான். வைக்கலாமா, வேண்டாமா என்று நீ சொல்ல வேண்டும். வைக்கலாம் என்றால் வைக்கலாம். வேண்டாம் என்றால், நீ நிஜமாகவே வேண்டாம் என்றால், ஷூவை என் காலில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறேன். விரல் நுழையாவிட்டால் வெட்டிக்கொள்கிறேன். பரவாயில்லை என்கிற பதில் மட்டும் இந்தக் கடையில் செல்லாது. இது நான் உனக்குச் சொல்கிற ஒரே புத்திமதி. பெரியவர்களுக்கு அடங்கி நட, பொறுத்துப் போ, விட்டுக்கொடு என்றெல்லாம் மண்டபத்தில் ஆயிரம் பேர் அட்சதையோடு சேர்த்து உன் தலையில் போடுவார்கள். நான் ஒன்றைத்தான் போடுகிறேன். உனக்கு வலிக்கிற இடத்தில், வலிக்கிறது என்று சொல்.

உனக்கு அது வராது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வரும். அதற்குச் சாட்சி நான். இப்போது அந்தக் கதைக்குத் திரும்ப வேண்டும், சத்தியம் செய்தவன் உண்மையையும் சொல்ல வேண்டும் அல்லவா? மயில் விசிறவில்லை. ஒரே ஒரு மயில் இருந்தது, அதுவும் உன்னைப் பார்த்து ஓடிவிட்டது. சரவெடி யாரும் கொளுத்தவில்லை, நாதஸ்வரம் வரவே இல்லை, என் ஸ்பீக்கரில் பாட்டுத்தான் ஓடியது. தாய்மாமன் கோபித்துக்கொள்ளவில்லை, பாவம், அவர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பேரரசி வசனமும் நான் எழுதியது. ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். பன்னீர்ச் செம்பு அம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்று, "நீ யாரு வகையறாம்மா?" என்று கேட்டார். நீ நிற்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "நான் முடிக்க வந்தேங்க. கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றாய்.

அந்த அம்மாள் தள்ளிக்கொண்டார். ஏணி மேல் நின்று என் காதால் கேட்டேன்.

உன் சித்தப்பன்